சாப்பிடுகிற மருந்துதானே என்றார்கள்

அவளுக்கு மூச்சிழுப்பு வந்தது பரம்பரையால் என்று எங்கள் விடுதி டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவளுடைய அம்மாவை அவர் பார்த்ததில்லை. அப்பாவுக்கு என்ன நோய் இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கைப்பேசியில் யாரிடமோ பேசிக்கொண்டே, அவள் முதுகில் துணிக்கு மேலாகக் குழாயை இரண்டு இடத்தில் வைத்து எடுத்தார். அவ்வளவுதான். இரண்டே நிமிடத்தில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைப் படித்து முடித்த அந்தக் கெட்டிக்காரரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தத் தாள் சும்மா இல்லை. வேலையால் வந்த நோய் என்றால் விடுதி அவளுக்கு வேறு வேலை கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சொந்த நோய் என்றால் "பணிக்குத் தகுதியில்லை" என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இரண்டில் எது என்று முடிவு செய்ய ஒரு குழு உட்காரும். அதற்கு ஏழு வாரம் இருந்தது.

அவளைத் தராசு என்று கூப்பிடுவோம். முதியோர் விடுதியில் தரை துடைக்க இருபத்து மூன்று வயதில் வந்தவள். முப்பதாவது வயதில் பராமரிப்புப் பயிற்சிக்குப் போய், தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களோடு உட்கார்ந்து படித்து முதலாவதாகத் தேறினாள். அவள் பார்த்த மாடியில் ஒருவருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவாள், இரண்டேகாலுக்கு இல்லை. வாயைத் திறக்க மறுக்கிறவர்களுக்கு ஊட்ட அவளைத்தான் கூப்பிடுவோம். அவள் கெஞ்சமாட்டாள், கொஞ்சமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவாள். கேட்கிறவர் ஆச்சரியத்தில் வாயைத் திறந்ததும் கரண்டி உள்ளே போய்விடும்.

பட்டப்பெயர் மருந்து அளப்பதால் வந்தது. மருந்துகளைக் கவனிக்கும் பார்மசிஸ்ட் ஒருநாள் பந்தயம் கட்டி, அவள் கரண்டியால் அள்ளிப்போட்ட பத்துக் கோப்பைத் தூளையும் எடை போட்டுப் பார்த்தார். பத்தும் ஒரே எடை. அன்றிலிருந்து காலை மருந்து அறை அவளுக்கே என்று ஆகிவிட்டது. நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு நாம் கொடுக்கும் பரிசு அதுதானே, மேலும் கொஞ்சம் வேலை.

அந்த அறை லிப்டுக்குப் பக்கத்தில் இருந்தது. முன்பு குளியலறை. சுவரெல்லாம் வெள்ளை ஓடு, ஒரு பக்கம் அலமாரி, ஒரு மேசை, இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும். இருந்த ஒரு சன்னலையும் பலகை வைத்து அடைத்திருந்தார்கள், ஈரக்காற்று பட்டால் தூள் கட்டிப்பிடிக்கும் என்று. கதவில் மேட்ரன் கையெழுத்தில் ஒரு அறிவிப்பு: "தூள் அளக்கும்போது மின்விசிறி போடக்கூடாது. கதவை மூடி வைக்கவும்." காற்றில் பறந்து வீணாகக் கூடாதாம்.

தூள் என்றால் ஏதோ கொடிய விஷம் இல்லை. இசப்கோல். மலச்சிக்கலுக்குக் கொடுப்பது, எந்தக் கடையிலும் கிடைப்பது. படுத்தே கிடக்கிற வயதானவர்களுக்கு வயிறு நகராது. எங்களிடம் இருந்த அறுபது பேரில் முப்பத்தெட்டுப் பேருக்குத் தினமும் அது போக வேண்டும். அதில் ஒரு தொல்லை. தண்ணீர் பட்ட ஐந்து நிமிடத்தில் கொழகொழவென்று இறுகிவிடும். கீழேயே கலந்து எடுத்துப்போக முடியாது. உலர்ந்த தூளைக் கோப்பைகளில் போட்டு, தள்ளுவண்டியில் துணி விரித்து அடுக்கி, ஒவ்வொரு கட்டிலுக்கும் கொண்டுபோய், அங்கேதான் தண்ணீர் ஊற்றிக் கலக்கி உடனே குடிக்க வைக்க வேண்டும். ஆகவே தினமும் காலை ஏழு மணிக்கு, மூடிய அறையில், விசிறி இல்லாமல், தலைக்குமேல் வெள்ளையாகப் பறக்கும் தூளுக்கு நடுவே நின்று முப்பத்தெட்டுக் கோப்பை அளப்பாள். வாரத்துக்கு ஒருமுறை பெரிய டின்னைக் கவிழ்த்து ஜாடிகளில் தட்டுவாள். முழுங்க முடியாதவர்களுக்கு மாத்திரைகளை இடித்துப் பொடியாக்குவதும் அங்கேதான். ஒரு நாள் இல்லை, ஒரு வருஷம் இல்லை. நாலு வருஷம்.

முதலில் மூக்கு ஒழுகியது. கண் அரித்தது. "சளி பிடிச்சிருக்கு" என்றாள், என்றோம். மூன்றாம் வருஷம் சாயங்கால இருமல் வந்தது. வேலை முடிந்து படியேறும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். யாராவது பார்த்தால் சேலையைச் சரி செய்வதுபோல் பாவனை. நர்ஸ் பயிற்சி எடுத்த நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போடவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது, எழுதிவிட்டு மேலே போகிறேன்.

மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் இருந்தார். தினமும் அவளுக்கும் அவருக்கும் ஒரு வாதப் பிரதிவாதம் நடக்கும்.

"என்ன ஐயா, இன்னைக்காவது தீர்ப்பு வந்துச்சா?"

"எங்கம்மா வருது? இன்னைக்கும் வாய்தாதான்."

"அப்போ இன்னொரு மனு போடுவோம். வாயைத் திறங்க."

ஒருநாள் காலை அந்த மூன்றாவது பேச்சு அவளிடமிருந்து வரவில்லை. கோப்பையைச் சட்டென்று மேசைமேல் வைத்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏற, கழுத்துக் குழியில் சதை உள்ளே இழுத்துக்கொண்டது. வக்கீல் அழைப்பு மணியை விடாமல் அழுத்தினார். நான் ஓடிப்போய் அவளை நாற்காலியில் முன்னால் சாய்த்து உட்கார வைத்து, முழங்கையை மேசைமேல் ஊன்றச் சொன்னேன். இழுப்பு வந்தவர்களைப் படுக்க வைக்கக் கூடாது. அது தெரியாமல்தான் பாதிப்பேர் கெடுதல் செய்கிறார்கள். நெபுலைசரைக் கொண்டுவந்து முகமூடியை மாட்டினேன். கால் மணியில் பேச்சு வந்தது. பேச்சோடு மேட்ரனும் வந்தாள்.

"அது நோயாளிகளுக்கு வாங்கின மிஷின். யாரைக் கேட்டு மாட்டினீங்க?"

"அப்போ இவ யாரு, விருந்தாளியா?" என்றேன்.

"ஸ்டாப். ஸ்டாப்புக்கு இழுப்பு வந்தா லீவு போட்டுட்டு டாக்டரைப் பார்க்கணும். இங்க படம் காட்டக் கூடாது."

படம். உதடு நீலமாகியிருந்த ஒருத்தியைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது.

மறுநாள்தான் நான் முதலில் சொன்ன அந்தப் பரம்பரைத் தாள் எழுதப்பட்டது. மருந்து அறையில் இருக்கும்போதுதான் அதிகமாகிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் சிரித்தார்.

"இசப்கோல் சாப்பிடற மருந்தும்மா. என் வீட்டுலயே நான் சாப்பிடறேன். சாப்பிடற மருந்து யாரையாவது கொல்லுமா?"

"நான் சாப்பிடல சார். மூச்சுல இழுக்கறேன்."

"எல்லாம் ஒண்ணுதான்."

தண்ணீரைக் குடிப்பதும் தண்ணீரை மூச்சில் இழுப்பதும் ஒன்றுதானா என்று ஆற்றில் இறங்கின சின்னப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும். படித்தவருக்குத் தெரியவில்லை.

வக்கீல் அவளைக் கூப்பிட்டு, "அழாதே, திட்டாதே, எழுதி வாங்கு" என்றார். "வாயால சொன்னது வாசல் தாண்டாது. வேற டாக்டர்கிட்ட போ. எதைச் சொன்னாலும் தாள்ல கேளு."

அரசு மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவுக்கு அவளும் வீட்டுக்காரரும் போனார்கள். நானும் கூடப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா இளவயது. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"வேலைக்குப் போகாத நாள்ல எப்படி இருக்கு?"

நாலு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. தராசு யோசித்தாள். வார விடுமுறை நாளில் கொஞ்சம் தேவலை. தங்கை வீட்டில் பத்து நாள் இருந்தபோது இருமலே இல்லை. திரும்பி வந்த முதல் நாள் சாயங்காலமே ஆரம்பித்தது.

அவர் ஒரு குழாயைக் கொடுத்தார். விலையுயர்ந்த கருவி எல்லாம் இல்லை. பிளாஸ்டிக் குழாய், பக்கத்தில் எண்கள், ஊதினால் ஒரு முள் நகரும். நின்றுகொண்டு, மூச்சை முழுக்க இழுத்து, உதட்டை இறுக்கி மூடி, ஒரே வேகத்தில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதில் பெரிய எண்ணை எழுத வேண்டும். தினமும் நாலு வேளை. இரண்டு வாரம் மருந்து அறையில் வேலை செய்துகொண்டே, அடுத்த இரண்டு வாரம் தூள் பக்கமே போகாமல். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதுவே சாட்சி.

"யார் எழுதறது?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். அவர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். வீடு வீடாகப் போய் எண்களைக் குறிப்பதே தொழில். "அதை என்கிட்ட விட்டுடுங்க மேடம்" என்றார். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் மனைவி விஷயத்தில் தனக்குத் தெரிந்த வேலை ஒன்று வந்துவிட்டது என்ற பெருமை முகத்தில் தெரிந்தது.

தேதி, நேரம், எண், அன்று என்ன வேலை என்று கட்டம் போட்ட நோட்டில் நீல மையில் எழுதினார். வேலையில் இருக்கும்போது அவளே ஊதிக் கையில் எழுதி வருவாள். வீட்டில் அவர் முன்னால் ஊத வேண்டும்.

"முள்ளு இருநூத்து நாப்பதுலயே நிக்குது. சரியா ஊது."

"நீங்க ஊதிப் பாருங்களேன்."

ஊதினார். ஐநூற்றைத் தாண்டியது. அதற்குப் பிறகு அவர் அவளை அதட்டவில்லை.

மருந்து அறையில் இருந்த இரண்டு வாரமும் காலையில் முந்நூறு, சாயங்காலம் இருநூற்றுச் சொச்சம். அடுத்த இரண்டு வாரத்துக்கு மாற்றுப்பணி கேட்டு எழுதிக் கொடுத்தாள். ஆச்சரியம், மேட்ரன் உடனே ஒத்துக்கொண்டாள். "சலவை அறைக்குப் போ. அங்க மருந்தும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. அப்பவும் இழுத்தா என்ன சொல்றேன்னு பார்ப்போம்."

அப்பவும் இழுத்தது. முன்பைவிட மோசமாக இழுத்தது. இரண்டாம் நாளே இருநூறு. ஐந்தாம் நாள் நூற்று எண்பது. வீட்டுக்காரர் எழுதிய எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, குழாய் கெட்டுவிட்டதோ என்று இன்னொன்று வாங்கி வந்தார். அதுவும் நூற்று எண்பது.

விடுதி டாக்டருக்குப் பிடிபடாத சந்தோஷம். தூள் இல்லாத இடத்திலும் நோய் இருக்கிறது, ஆகவே தூளுக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று இரண்டாவது தாள் எழுதினார். மேட்ரன் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

"அக்கா, ஒருவேளை எனக்கே வந்த நோய்தானோ?" என்று என்னிடம் கேட்டாள். அவள் குரலில் சந்தேகத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருத்தியின் மூச்சைப் பிடுங்கியது போதாதென்று, தன் உடம்பு சொல்வதை நம்பும் தைரியத்தையும் பிடுங்கிவிட்டார்கள்.

அடுத்த நாள் மதியம் சலவை அறைக்குப் போனேன். தரை துடைப்பவர் வாளியோடு வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ரூம்ல மட்டும் என்னத்தைக் கொட்டறீங்க? தண்ணி பட்டதும் வெண்டைக்காயை அரைச்சு ஊத்தின மாதிரி வழுக்குது. நேத்து என் இடுப்பே போயிருக்கும்."

"நான் எதையும் கொட்டல அண்ணே. துணியைத்தான் உதறறேன்" என்றாள் தராசு.

நான் குனிந்து தரையைத் தொட்டேன். விரலில் கொழகொழவென்று ஒட்டியது. நாலு வருஷம் அவள் அளந்ததை, அதற்கு முன் சில வருஷம் நானும் அளந்ததை, எனக்குத் தெரியாதா? இசப்கோல்.

நடந்தது இதுதான். தள்ளுவண்டியில் விரித்த துணி, வயதானவர்கள் கழுத்தில் கட்டும் துண்டு, எங்கள் மேலங்கி, எல்லாவற்றிலும் காலை மருந்தின் தூள் சிந்தியிருக்கும். அத்தனையும் சலவைக்குத்தான் வரும். எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் துணியையும் மூன்று முறை உதறிவிட்டுத்தான் இயந்திரத்தில் போட வேண்டும். வயதானவர்கள் பல்செட்டையும் காது மிஷினையும் மோதிரத்தையும் துணிக்குள் சுருட்டி வைத்துவிடுவார்கள். ஒருமுறை ஒரு பல்செட் உள்ளே போய் இயந்திரத்தின் வயிற்றைக் கடித்துவிட்டது. மூன்று நாள் சலவை நின்றது. அதற்குப் பிறகு வந்த விதி. வழக்கமாகச் சலவை பார்ப்பவள் பின்வாசலில் வெளியே நின்று ஒரு உதறு உதறுவாள், அதுவும் மனசிருந்தால். தராசு அப்படியா? விதி மூன்று என்றால் மூன்று. பின்வாசலைப் பூட்டி வைக்க வேண்டும் என்று மேட்ரன் சொல்லியிருந்தாள், ஆகவே உள்ளேயே நின்று. முகத்துக்கு நேரே. ஒரு நாளைக்கு இருநூறு துணி.

கரண்டித் தூளிலிருந்து காப்பாற்றி அவளைத் தூள்மூட்டத்துக்குள் தள்ளியிருக்கிறோம். மூன்று உதறல் விதியைப் போட்டது யார் தெரியுமா? நான்தான். அன்றைக்கு அதை நல்ல யோசனை என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "துணில இருக்கற தூசிக்கெல்லாம் இழுப்பு வருமா? சலவைக்காரிக்கு வரலையே? எனக்கு வரலையே?" என்றாள்.

"எல்லாருக்கும் வராது. வந்தவங்களுக்கு ஒரு சிட்டிகை போதும். அதுதான் இந்த நோயே."

"அப்ப அவ உடம்புலதான் கோளாறு. அதைத்தானே டாக்டரும் எழுதியிருக்கார்."

இப்படிப் பேசுகிறவர்களிடம் எதைச் சொல்வது? மேசைமேல் இருந்த தண்ணீரை நான் அவள் தலையில் ஊற்றாமல் வெளியே வந்தது என் பயிற்சியின் பலன்.

மீண்டும் இரண்டு வாரம் மாற்றுப்பணி கேட்டோம். தரவில்லை. ஒருமுறை கொடுத்தாகிவிட்டதாம். தராசு தன் வருடாந்தர விடுப்பு முழுவதையும் எழுதிக் கொடுத்தாள். மகளின் பரீட்சைக்கு வீட்டில் இருக்கலாம் என்று சேர்த்து வைத்திருந்த விடுப்பு அது. வீட்டில் உட்கார்ந்து ஊதினாள். இருநூற்று இருபது. இருநூற்று எழுபது. ஆறாம் நாள் முந்நூற்று இருபது. பதினோராம் நாள் நானூற்றுப் பத்து.

"நானூத்துப் பத்தா?"

"மறுபடி ஊது."

ஊதினாள். நானூற்று இருபது. வீட்டுக்காரர் நோட்டை மூடிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாராம். மகள்தான் என்னிடம் சொன்னாள்.

டாக்டரம்மா அவள் முன்கையில் நாலைந்து சொட்டு வைத்து ஊசிமுனையால் லேசாகக் குத்திப் பார்த்தார். வீட்டுத் தூசிக்கு ஒன்றுமில்லை, பூனைமுடிக்கு ஒன்றுமில்லை. இசப்கோல் வைத்த இடம் கால் மணியில் நாணயம் அளவுக்குத் தடித்தது. எல்லாவற்றையும் கடிதமாக எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார்.

"நிரூபிக்கறேன்னு சொல்லி இன்னொரு தடவை அந்த ரூமுக்குள்ள போயிடாதீங்க. அடுத்தது கால் மணியில சரியாகற மாதிரி வராது."

குழு உட்கார்ந்த அன்று நிர்வாகி, மேட்ரன், விடுதி டாக்டர், தொழிலாளர் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு வயதான மருத்துவர் என நாலு பேர். அறையின் ஒரு பக்கம் தராசு, அவள் வீட்டுக்காரர், நான். அவளைத் திறந்த சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

விடுதி டாக்டர் நோட்டைப் புரட்டினார். "இதெல்லாம் புருஷன் எழுதின எண். எப்படி நம்பறது?"

மீட்டர்காரர் எழுந்தார். அவர் நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததில்லை. "சார், இருபத்தோரு வருஷமா எண் எழுதறேன். மீட்டர் என்ன காட்டுதோ அதைத்தான் எழுதுவேன். என் மாமனார் வீட்டு மீட்டரையே குறைச்சு எழுதினதில்ல. அதுக்காக அவர் என்கிட்ட ஒரு வருஷம் பேசல."

தொழிலாளர் மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "சலவை அறையில தூள் ஏது? அங்கதான் இடிக்குது" என்றார்.

நான் முந்தின நாள் சலவை அறைத் தரையைக் கூட்டி, ஒரு கண்ணாடிச் சீசாவில் மூடிக் கொண்டுவந்திருந்தேன். தூள் பறக்காமல், மூடியில் போட்டிருந்த துளை வழியாக அதில் தண்ணீர் விட்டு, துளையை விரலால் அடைத்துக் குலுக்கி மேசைமேல் வைத்தேன். "ஐந்து நிமிஷம் பேசிட்டிருங்க" என்றேன். எல்லோரும் சீசாவையே பார்த்தார்கள். நேரம் ஆனதும் மூடியைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. கூட்டிய முடியும் நூலும் நடுவில் மாட்டிக்கொள்ள, பிசின்போல் அப்படியே நின்றது.

"வெறும் தூசி இப்படி நிக்குமா சார்?"

அந்த வயதான மருத்துவர் சீசாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேட்ரனைப் பார்த்து, "அந்த மருந்து ரூமைக் காட்டுங்க" என்றார். போனார். கதவில் இருந்த அறிவிப்பைப் படித்தார். உள்ளே நுழையாமலே திரும்பினார். "வேலையால் வந்த இழுப்பு" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டதைத் தராசு வாங்கி, மடிக்காமல், இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

ஜெயித்துவிட்டோம் என்று சொன்னால் பொய். அந்தக் கட்டடத்தின் மூலைமுடுக்கெல்லாம் பத்து வருஷத்துத் தூள். எந்த மாடிக்கும் அவள் போகக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. அவளுக்குக் கொடுத்த வேலை வாசலுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் வரவேற்பு அறையில் போன் எடுப்பது. ஊட்டுவதற்கென்றே பிறந்த கை, பார்வையாளர் புத்தகத்தில் கையெழுத்து வாங்குகிறது. மூன்றாம் மாடியில் இருவர் சாப்பிடாமல் மெலிந்தார்கள். வக்கீல் ஒருநாள் சக்கர நாற்காலியைத் தள்ளச் சொல்லிக் கீழே வந்து, சன்னலுக்கு வெளியே இருந்தபடியே அவளோடு கால் மணி வம்பு பேசிவிட்டுப் போனார்.

தூளை நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சிரப்பு கொடுக்க ஆரம்பித்தார்கள். இத்தனை வாரம் போராடியும் நடக்காதது ஒரே வாரத்தில் நடந்தது. எதற்காக? சுற்றறிக்கையை நான் படித்தேன். "சலவை அறைத் தரை வழுக்கும் அபாயம் காரணமாக." அவளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

சுற்றறிக்கையை அவளும் படித்தாள். பார்வையாளர் புத்தகம் வைக்கும் அலமாரியின் அடித்தட்டில் பழைய பணிப் பதிவேடுகள் இருந்தன. மதியத்தில் போன் வராத நேரத்தில் அவற்றைப் பிரித்து உட்கார்ந்தாள். எனக்குப் பிறகும் அவளுக்கு முன்பும் மருந்து அறையில் இருந்தவர்கள் நாலு பேர். மூன்று பேர் பெயருக்கு எதிரே விலகிய காரணம் எழுதியிருந்தது. அடிக்கடி சளி. உடல்நிலை. சொந்தக் காரணம்.

"அக்கா, மூணு பேரு" என்றாள். "மூணு பேரையும் சொந்த நோய்னு அனுப்பிட்டாங்க."

பதிவேட்டில் இருந்த எண்களுக்கு அவள் விடுதி போனிலிருந்தே கூப்பிட ஆரம்பித்தாள். ஒரு எண் வேலை செய்யவில்லை. இன்னொருத்தி வீட்டோடு இருக்கிறாள், இப்போது பரவாயில்லை, அழுதாள். மூன்றாவது எண்ணுக்குப் போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். மறுமுனையில் வணக்கத்துக்கு முன்னால் இருமல் வந்தது.

"நான் இப்ப வேற விடுதில இருக்கேன்மா" என்றது அந்தக் குரல். "அனுபவம் இருக்குன்னு அங்கயும் மருந்து ரூம்லயே போட்டுட்டாங்க."

தராசு எழுந்து நின்றாள். "ரூமுக்கு சன்னல் இருக்கா? விசிறி போட விடறாங்களா? இல்லையா? சரி, நீங்க நாளைக்கு அந்த ரூமுக்குள்ள போகாதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. உங்க விடுதி எங்க இருக்கு, அதைச் சொல்லுங்க முதல்ல."

வாசலில் வந்து நின்ற நிர்வாகி, அலுவலகப் போனில் சொந்தப் பேச்சு கூடாது என்று விரலை ஆட்டினார். அவள் போனின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"சொந்தப் பேச்சு இல்ல சார். ஆபீஸ் விஷயம்தான்" என்றாள். பேனாவை எடுத்து விலாசம் எழுத ஆரம்பித்தாள்.